கொரலைன் ஆல்கே: சுண்ணச் செம்பாசி

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ‘கொரலைன்’ என்று சொல்வது, பாறையிலும் கண்ணாடியிலும் ஊதா அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் ஓடு போலப் படரும் பாசியை. விரலால் தேய்த்தால் வழுவழுவென்று உரிந்து வருவது இதுவல்ல, அது சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். கொரலைன் நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. சந்தேகம் இருந்தால் ஒரு சில்லைப் பெயர்த்துக் காயவைத்து, அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழ் வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

பவளத்துக்கான கிரேக்கச் சொல் ‘கொராலியோன்’. லத்தீனில் அது ‘கொராலியம்’ ஆயிற்று. 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் ‘கொரலைனா’ என்ற பேரினத்தை விலங்குகளின் வரிசையில்தான் வைத்தார். தொட்டால் கல்லாக இருப்பதைச் செடி என்று அன்று எளிதில் எண்ணிவிட முடியவில்லை. 1837இல் ஜெர்மன் இயற்கையியலாளர் பிலிப்பி இவற்றுள் சிலவற்றைத் தாவரமாக விவரித்து லித்தோதாம்னியம், லித்தோஃபில்லம் என்று பெயரிட்டார். கற்புதர், கல்லிலை என்று பொருள். பவளத்தை நினைவூட்டும் பெயரைவிட இவை எவ்வளவோ பொருத்தம்.

தமிழில் ‘பவளப்பாசி’ என்று நேராகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பாசி என்றால் மணி என்றும் பொருள் உண்டு. பவளப்பாசி என்றதும் கழுத்தில் போடும் பவளமணி நினைவுக்கு வரும். பவள உயிரியின் திசுவுக்குள்ளேயே வாழும் நுண்பாசியோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ‘சுண்ணப்பாசி’ என்று மட்டும் சொன்னால், சுண்ணம் படியும் பச்சைப்பாசியான ஹாலிமீடாவும் அதில் அடங்கிவிடும். கொரலைன் செம்பாசிப் பிரிவைச் சேர்ந்தது. ஆகவே ‘சுண்ணச் செம்பாசி’ என்பதே சரியான சொல். பசுமையிலிருந்து பிறந்த ‘பாசி’யோடு ‘செம்’ சேர்வது முரணாகத் தோன்றினாலும், செம்பாசி என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்தான்.

சுண்ணம் என்ற சொல்லில்தான் பராமரிப்பும் அடங்கியிருக்கிறது. இந்தப் பாசி தன் செல்சுவரில் மெக்னீசியம் கலந்த கால்சைட்டை, அதாவது கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கிறது. அதற்கு வேண்டிய கால்சியம், காரத்தன்மை, மெக்னீசியம் மூன்றையும் தொட்டி நீரிலிருந்தே எடுக்கிறது. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பிபிஎம், உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு): இந்த அளவில் நிலையாக வைத்தால் போதும். ‘கொரலைன் வளர’ என்று விற்கும் தனி மருந்து தேவையில்லை. வெறும் பாறையாக இருக்கும் புதுத்தொட்டியில், பாசி படிந்த ஒரு சிறு கல்லை வைத்தால் வித்து கிடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும்.

100 லிட்டர் நீரில் காரத்தன்மையை 1 டிகேஎச் உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சமையல் சோடா வேண்டும். கால்சியத்தை 10 பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டையும் தனித்தனியாக ஆர்ஓ நீரில் கரைத்து, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஒரே பாத்திரத்தில் கலந்தால் அங்கேயே வெள்ளையாகப் படிந்து வீணாகும். காரத்தன்மையை ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் உயர்த்தக் கூடாது. எவ்வளவு ஊற்றியும் அளவு ஏறவில்லை, ஹீட்டரில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறது என்றால் முதலில் மெக்னீசியத்தைச் சோதியுங்கள். அது குறைந்தால் கால்சியம் கார்பனேட் நீரில் நிற்காமல் படிந்துவிடும்.

ஊதா திடீரென வெளுத்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது என்று பொருள். விளக்கின் வெளிச்சத்தை ஒரேயடியாகக் கூட்டியது, நீர் மாற்றும்போது பாறை நெடுநேரம் காற்றில் நின்றது, காரத்தன்மை சரிந்தது ஆகியவை வழக்கமான காரணங்கள். நிழலில் இருக்கும் பகுதி பெரும்பாலும் தப்பும். காரணத்தைச் சரிசெய்தால் அங்கிருந்து மீண்டும் படரும்.

பாசி அளவுக்கு மீறிப் படர்ந்தால் பம்பின் சுழலி இறுகிவிடும். மின்சாரத்தைத் துண்டித்துப் பம்பைக் கழற்றி, வினிகரும் நீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு தேய்த்துக் கழுவுங்கள். ஹீட்டரையும் இப்படிச் செய்யலாம், ஆனால் அணைத்து ஆறிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு பிளேடு, அக்ரிலிக்குக்கு பிளாஸ்டிக் அட்டை. மூலையில் சிலிக்கான் ஒட்டைத் தொட்டுவிடாதீர்கள், தொட்டி ஒழுகும். வாரம் ஒருமுறை, புள்ளியாக இருக்கும்போதே சுரண்டுவது எளிது.

மன்னார் வளைகுடாவில் பவளக் குஞ்சுகள் இறங்கி ஒட்ட இத்தகைய பாசி படிந்த தளம் வேண்டும். அங்கிருந்து பவளப்பாறைத் துண்டை எடுத்துவருவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வித்துக்கு, ஏற்கெனவே ஓடும் இன்னொரு தொட்டியிலிருந்து ஒரு சிறு கல்லோ கண்ணாடியில் சுரண்டிய தூளோ வாங்கிக்கொள்ளுங்கள்.