இழுத்துச் சென்ற காரைப் போலீஸ் திறந்து பார்க்கலாமா?

அமெரிக்காவில் போலீஸ் ஒரு காரைச் சட்டப்படி இழுத்துச் சென்றால், உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியல் எடுக்கலாம். வாரன்ட் வேண்டாம், சந்தேகம்கூட வேண்டாம். 1976-இல் ஓப்பர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. தெற்கு டகோட்டாவின் வெர்மில்லியன் ஊரில் தடை நேரத்தில் நின்ற காருக்கு இரண்டு அபராதச் சீட்டு கொடுத்துவிட்டு இழுத்துப் போனார்கள். டேஷ்போர்டு பெட்டியில் கஞ்சா இருந்தது. சொந்தக்காரரின் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும், 'காணோம்' என்று அவர் பின்னால் புகார் சொன்னால் போலீஸிடம் பதில் இருக்க வேண்டும், உள்ளே ஆபத்தான பொருள் இருந்தால் தெரிய வேண்டும்: இதற்காகத்தான் இந்த அனுமதி.

குற்றத்தைத் துருவித் தேடுவதற்கு அல்ல. அதனால்தான் துறைக்கென்று ஒரு நிலையான நடைமுறை இருக்க வேண்டும் என்கிறார்கள். 1990-இல் வெல்ஸ் வழக்கில், ஃபுளோரிடா நெடுஞ்சாலைப் போலீஸ் டிக்கியில் இருந்த பூட்டிய சூட்கேஸை நெம்பித் திறக்க வைத்தது. மூடிய பெட்டிகளை என்ன செய்வது என்று துறையில் விதியே இல்லை. கிடைத்த கஞ்சா ஆதாரமாகாது என்று தீர்ப்பானது. 1987-இல் பெர்டீன் வழக்கில் நடைமுறை இருந்தது. காரில் இருந்த முதுகுப்பைக்குள் கிடைத்த போதைப்பொருள் ஆதாரமாகச் செல்லுபடியானது.

சரி, சோதனை சட்டவிரோதம் என்றாலே வழக்கு தோற்றுவிடுமா? பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். முறைகேடாக எடுத்த ஆதாரத்தை மாநில நீதிமன்றங்களும் ஒதுக்க வேண்டும் என்று 1961-இல் மேப் வழக்கு சொன்னது உண்மைதான். ஆனால் அது தானாக நடக்காது, மனுப் போட்டுக் கேட்க வேண்டும். மீறப்பட்டது உங்கள் சொந்த உரிமையாகவும் இருக்க வேண்டும். நண்பரின் காரில் சும்மா உட்கார்ந்து வந்தவருக்கு இது பெரும்பாலும் உதவாது. நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசினால், அதை மறுக்க அந்த ஒதுக்கிய பொருளையே அரசுத் தரப்பு காட்டலாம்.

பெரிய ஓட்டை 1984-இன் நிக்ஸ் தீர்ப்பு. எப்படியும் கிடைத்திருக்கும் என்று நிரூபித்தால் ஆதாரம் நிற்கும். 'சோதனை தப்பாகவே இருக்கட்டும், காரை எப்படியும் இழுத்திருப்போம், பட்டியலில் அகப்பட்டிருக்கும்' என்று அரசுத் தரப்பு வாதிடுவது இதை வைத்துத்தான். அதனால் உங்கள் வக்கீல் முதலில் கேட்டு வாங்க வேண்டியவை அந்தத் துறையின் நடைமுறை விதியும் அன்று எழுதிய பட்டியலும்.

அப்புறம், மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓப்பர்மன் வழக்கு திரும்பி வந்ததும் தெற்கு டகோட்டா நீதிமன்றம், தன் அரசமைப்பின்படி கண்ணுக்கு நேரே தெரிவதை மட்டுமே பட்டியலிடலாம் என்று தீர்ப்பளித்து அந்தக் கஞ்சாவை ஒதுக்கிவிட்டது.