உரைநிரல்: வரைபடக் கோப்பைத் திறக்காமல் திருத்தும் ‘ஸ்கிரிப்ட்’

கணினியில் வரைபடம் கீறும் மென்பொருளான ஓட்டோகேட்டில் ‘ஸ்கிரிப்ட்’ என்பது, விசைப்பலகையில் தட்ட வேண்டிய கட்டளைகளையும் அவற்றுக்கான பதில்களையும் வரிசையாக எழுதிவைத்த வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் எழுதி, பெயருக்குப் பின்னால் .எஸ்சிஆர் என்ற பின்னொட்டைப் போட்டால் போதும். தோட்ட வீடமைப்புக்காக குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் வீதம் காணி பிரித்து, காணிக்கு ஒன்றாக நூறு வரைபடம் கீறியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பிறகு எல்லாவற்றிலும் திட்டத்தின் பெயரை மாற்றச் சொல்கிறார்கள். நூறையும் திறந்து மூடிக்கொண்டிருக்க முடியாது. அந்த நேரத்தில்தான் ‘ஸ்கிரிப்ட் ஓடவிடு’ என்ற பேச்சு வருகிறது.

சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘ஸ்கிரீபெரே’ என்றால் எழுதுதல். ‘ஸ்கிரிப்டும்’ என்றால் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் அது கையெழுத்து, ஒரு மொழியின் எழுத்துமுறை, நாடகப் பிரதி என்று கிளைவிட்டது. நடிகர் பிரதியில் உள்ளதை உள்ள வரிசையில் பேசுவதைப்போல, கணினியும் கோப்பில் உள்ளதை உள்ள வரிசையில் செய்கிறது. எனவே கணினிப் பொருளுக்கு நெருக்கமானது நாடகப் பிரதிதான். இயந்திர மொழிபெயர்ப்பு சில வேளைகளில் ‘எழுத்துரு’ என்று தந்துவிடும். வரைபட அலுவலகத்தில் அது ஆபத்தான தவறு. ‘எழுத்துருவை மாற்றவும்’ என்று குறிப்பு எழுதினால் படவரைஞர் ஃபொன்டை மாற்றிவிடுவார்.

பொருத்தமான தமிழ் ‘உரைநிரல்’. உரை என்பது எழுத்தாக இருப்பது. நிரல் என்பது வரிசை, ஒழுங்கு. நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களில் நிரல்நிறையும் ஒன்று: சொற்களை ஒரு வரிசையிலும், அவற்றுக்குரிய பொருள்களை அதே வரிசையிலும் நிறுத்துவது. முதலாவது முதலாவதோடு சேரும், இரண்டாவது இரண்டாவதோடு. எஸ்சிஆர் கோப்பு நடப்பதும் இப்படித்தான். ஓட்டோகேட் கேட்கும் முதற் கேள்விக்கு முதல் வரி, அடுத்ததற்கு அடுத்த வரி. ஒரு கேள்வி கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பின்னால் வரும் பதிலெல்லாம் வேறு கேள்விக்குப் போய்விழும்.

ஒரு லேயரின் (வரைபடத்தின் ஓர் அடுக்கின்) நிறத்தைப் பச்சையாக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் லேயர் கட்டளை, அதற்கு முன்னால் ஒரு சிறுகோடு. சிறுகோடு இல்லாவிட்டால் உரையாடல் பெட்டி திறக்கும். பெட்டிக்கு உரைநிரலால் பதில் சொல்ல முடியாது. இரண்டாம் வரியில் நிறம் என்ற தெரிவு, மூன்றாவதில் பச்சையைக் குறிக்கும் 3 என்ற எண், நான்காவதில் லேயரின் பெயர். ஐந்தாவது வெற்று வரி. அது வெறும் இடைவெளி அல்ல, என்டர் விசை. லேயர் கட்டளையை முடிப்பது அதுதான். ஆறாவதில் சேமிக்கும் கட்டளை. ஐந்தாவதை விட்டுவிட்டால் சேமிக்கும் கட்டளை லேயர் கேள்விக்கே பதிலாகப் போய், செல்லாத தெரிவு என்று தள்ளப்படும். கோப்பு சேமிக்கப்படாமலே மூடப்படும். நூறு கோப்பும் ஓடி முடிந்ததுபோல் தெரியும். ஒன்றிலும் நிறம் மாறியிராது.

எழுத்து இடைவெளியும் என்டர்தான். ஆகவே இடைவெளி உள்ள லேயர் பெயரை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி நின்றால், முந்திய கட்டளை இன்னொரு முறை ஓடும். கடைசி வரிக்குப் பிறகு என்டர் இல்லாவிட்டால் அந்த வரி ஓடாமலே நிற்கும். வேறு பெயரில் சேமிப்பது இன்னொரு பொறி. முதல் தடவை அந்தப் பெயரில் கோப்பு இல்லை, கேள்வி இல்லை. இரண்டாம் தடவை ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?’ என்று ஒரு கேள்வி கூடுகிறது. நேற்று ஓடிய உரைநிரல் இன்று ஓடாததற்குப் பல வேளைகளில் காரணம் இதுதான். வெளியீட்டுக் கோப்புறையை ஒவ்வொரு முறையும் வெறுமையாக்கிவிட்டு ஓடவிட்டால் கேள்விகளின் எண்ணிக்கை மாறாது.

உரைநிரலுக்கு ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்லத் தெரிந்தது, ஆங்கிலத்தில் ‘புரோகிராம்’ எனப்படும் நிரல். 1986இல் ஓட்டோகேட்டுக்குள் வந்த ஓட்டோலிஸ்ப் மொழியில் எழுதுவது அந்த வகை. அலுவலகப் பேச்சில் எஸ்சிஆர், லிஸ்ப், பைதன் எல்லாமே ‘ஸ்கிரிப்ட்’தான். எழுத்தில் பிரித்து எழுதுவது நல்லது. பழுது வந்தால் எங்கே தேடுவது என்பது அதில்தான் தெரியும்.

இனி தலைப்பிலுள்ள ‘திறக்காமல்’ என்ற சொல். இது பாதி உண்மை. கோப்பைப் படிக்காமல் திருத்தவே முடியாது, திறக்கப்படாதது திரைதான். ஒரே பேச்சுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவதைத் ‘திரையில்லா ஓட்டம்’ எனலாம். ஓட்டோகேட் 2013 முதல் அதன் நிறுவல் கோப்புறையிலேயே ஏசிகோர்கன்சோல் என்ற சிறு செயலி வருகிறது. சாய்கோடும் ‘ஐ’யும் போட்டு வரைபடத்தின் பெயர், சாய்கோடும் ‘எஸ்’ஸும் போட்டு உரைநிரலின் பெயர் கொடுத்தால், சாளரம் எதுவும் இல்லாமல் கட்டளை இயந்திரம் மட்டும் ஓடும். கோப்புறையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஓடவிட, விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓடவிடும் பேட்ச் கோப்பில் ‘ஃபோர்’ என்ற ஒற்றை வரி போதும். பேட்ச் கோப்பில் எழுதும்போது மாறிக்கு முன்னால் சதவீதக் குறி இரண்டு. கட்டளைச் சாளரத்தில் நேரே தட்டினால் ஒன்று. பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். ஓட்டோலிஸ்ப்பும் இங்கே ஓடும். ஆனால் ‘விஎல்ஏ’ என்று தொடங்கும் அக்டிவ்எக்ஸ் கட்டளைகள் ஓடா. அவை முழு ஓட்டோகேட்டைத் தேடும், அது அங்கே இல்லை.

இரண்டாவது ‘தரவுத்தளத் திருத்தம்’. இங்கே கட்டளை இயந்திரமே இல்லை. ஒப்ஜெக்ட்டிபிஎக்ஸ், டொட்நெட் போன்ற நிரலாக்கக் கருவிகள் வழியாக, டி.டபிள்யூ.ஜி எனப்படும் ஓட்டோகேட் வரைபடக் கோப்பின் தரவுத்தளத்தை நினைவகத்துக்கு எடுத்து, பொருளைத் திருத்தி, திருப்பி எழுதுகிறோம். கேள்வியும் இல்லை பதிலும் இல்லை. ஆகவே வரிசை பிசகும் சிக்கல் இல்லை. வேகமும் அதிகம். ஆனால் கட்டளை இயந்திரம் ஓசையின்றிச் செய்துகொடுக்கும் வேலைகளை இங்கே நாமே செய்ய வேண்டும். தலைப்புக் கட்டத்தில் நடுவில் ஒழுங்குபடுத்திய திட்டப் பெயரை இப்படி மாற்றினால், எழுத்து தன் பழைய தொடக்கப் புள்ளியிலேயே நின்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தெரியும். நடு எங்கே என்று கணிக்க, நடப்பிலுள்ள தரவுத்தளம் எது என்பது தெரிய வேண்டும். டொட்நெட்டில், திருத்தும் தரவுத்தளத்தையே நடப்புத் தரவுத்தளமாக வைத்து ஒழுங்குபடுத்தலை மறுபடி கணிக்கச் செய்து, முடிந்ததும் பழையதைத் திருப்பி வைக்க வேண்டும். இடது ஒழுங்கில் உள்ள எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் சோதனைக் கோப்பில் சரியாக வந்தது உண்மைக் கோப்பில் கோணலாகிறது.

பைதன் மொழியின் ஈஸிடிஎக்ஸ்எஃப் (ezdxf) நூலகமும் இந்த வகைதான். ஆனால் அது டி.எக்ஸ்.எஃப் என்ற பரிமாற்றக் கோப்பு வகையை மட்டுமே படிக்கும், டி.டபிள்யூ.ஜியை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அளவுக்கோடுகளில் கவனம் தேவை. அளவுக்கோட்டின் வரைகூறுகள் பெயரற்ற ஒரு பிளொக்கில் (பொருள்களின் தொகுப்பில்) தனியே கிடக்கின்றன. வரையறைப் புள்ளிகளை மட்டும் நகர்த்தினால் கீறிய கோடு பழைய இடத்திலேயே நிற்கும். சிவில் பொறியியலுக்கான சிவில் 3டி மென்பொருளில் செய்த மேற்பரப்பு, பாதை போன்றவை உள்ள கோப்புகளை இந்த வழிக்குக் கொண்டுவராமல் இருப்பதே மேல்.

மலையகத்தில் இந்த வேலைக்கு இரண்டு சோதனைகள் கைகொடுக்கும். ஒன்று பரப்பளவு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 7 பேர்ச்சஸ் 1905.75 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 177.05 சதுர மீட்டர். ஒவ்வொரு கோப்பிலும் எல்லைக் கோட்டின் பரப்பை எழுதித் தரும்படி ஒரு சிறு நிரலை ஓடவிட்டால், அலகு பிசகிய கோப்பு தானாகக் கண்ணில் படும். விடை 1905 என்று வந்தால் அது அடியில் கீறியது. 17 கோடியைத் தாண்டினால் மில்லிமீட்டர். வரைபடத்தின் அலகைக் குறித்துவைக்கும் இன்ஸ்யூனிட்ஸ் மாறியில் 6 மீட்டரையும் 4 மில்லிமீட்டரையும் 2 அடியையும் குறிக்கும். ஆனால் அந்த மாறியை நம்பி மட்டும் உருப்பெருக்க வேண்டாம். அது வெறும் முத்திரை, யாரும் எதையும் வைத்திருக்கலாம்.

மற்றது ஆள்கூறு. இலங்கை நில அளவையின் பழைய கண்டாவளை வலையமைப்பும் புதிய எஸ்எல்டி99உம் இரண்டுமே நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதாலகாலையைத் தொடக்கமாகக் கொண்டவை. பழையதில் அந்தப் புள்ளிக்கு 200,000, 200,000 மீட்டர். புதியதில் 500,000, 500,000. இதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் 300,000 மீட்டர் நகர்த்தும் ஒரு வரி உரைநிரல் எழுதத் தோன்றும். படம் ஏறக்குறைய சரியான இடத்தில் போய் உட்காரவும் செய்யும். ஆனால் இரண்டின் தரவுநிலைகளும் (பூமியின் வடிவத்தையும் இடத்தையும் கணிக்க எடுத்துக்கொண்ட அடிப்படைகளும்) வேறு. 7 பேர்ச்சஸ் காணியின் எல்லைக்கு ‘ஏறக்குறைய’ போதாது. நகர்த்துவதற்குப் பதிலாக உருமாற்றச் சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும். அது உரைநிரலால் ஆகாது, நிரல் வேண்டும்.

தமிழ் எழுத்து உள்ள வரைபடங்களில் யூனிகோடுக்கு முந்திய பாமினி ஃபொன்ட் இன்னும் நிறைய இருக்கிறது. பாமினியில் தட்டிய ‘தோட்டம்’ கோப்புக்குள் உரோம எழுத்துகளாகக் கிடக்கும். யூனிகோடில் தேடினால் அகப்படாது. முதலில் எழுத்து நடையின் ஃபொன்ட் எது என்று பார்த்து, பாமினி என்றால் மாற்று அட்டவணை ஒன்றின் வழியாக அனுப்பிவிட்டுத்தான் தேட வேண்டும். ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருப்பதும் வழக்கம்.

இன்னொருவர் திறந்துவைத்திருக்கும் கோப்பைத் தொடக்கூடாது. திறந்திருக்கும்போது அதே பெயரில் .டிடபிள்யூஎல் என்ற சிறு கோப்பு உருவாகும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் அது அழியாமல் மிஞ்சிவிடும். அதை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் நிரல், யாருமே திறக்காத கோப்பையும் தாண்டிப் போகும். எழுதுவதற்குத் திறந்து பார்த்து, முடியாவிட்டால் பெயரைக் குறித்துக்கொள்வதே சரியான முறை.

கடைசியாக ‘பேட்ச்’. ஆங்கிலத்தில் அது ரொட்டி சுடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு தடவையில் சுட்டு எடுப்பது. கலைச்சொல் ‘தொகுதி’. நம் சமையலறையில் இதற்கு ‘ஈடு’ இருக்கிறது: முதல் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு. அறிக்கையில் ‘தொகுதித் திருத்தம்’ என்றே எழுதலாம், மற்றவர்களுக்கும் புரியும். ஓடவிடும் கோப்புறைகளுக்கு ‘ஈடு 1’, ‘ஈடு 2’ என்று பெயரிட்டு, ஒவ்வோர் ஈட்டுக்கும் மூலப் பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத் திருத்தம் தானாக .பிஏகே என்ற காப்புப் பிரதி எதையும் விட்டுவைக்காது.