கடல் தின்ற சிவப்பை எந்த மென்பொருள் மீட்டுத் தரும்?

ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு, முன்பெல்லாம் கடல் படம் என்றால் காசிமேட்டுப் படகுகளும் அவற்றின் முன் நிற்கும் கல்யாண ஜோடிகளும்தான். இப்போது அந்தமானில் முக்குளித்துத் திரும்பியவர்கள் மெமரி கார்டோடு வருகிறார்கள். எல்லாப் படமும் வாளியில் சொட்டு நீலம் கரைத்தது போல இருக்கும். "எந்த மென்பொருள் வாங்கலாம் அண்ணா?" என்று கேட்பார்கள். "ரா கோப்பாக எடுத்தாயா தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ரா என்றால் கேமரா மெருகேற்றாமல் அப்படியே தரும் மூலப் பதிவு.

தண்ணீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பு ஒளியை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அது பெருமளவு மங்கிவிடும். ஆரஞ்சும் மஞ்சளும் அடுத்தடுத்துப் போகும். ஆழம் மட்டும் கணக்கில்லை. மீனுக்கும் லென்சுக்கும் நடுவே இருக்கும் தண்ணீரும் வடிகட்டுகிறது. அதனால்தான் ஒரே படத்தில் பக்கத்துக் கை தோல்நிறத்திலும் பின்னாலுள்ள பவளப்பாறை நீலமாகவும் தெரிகின்றன. படம் முழுவதும் ஒரே அளவில் சிவப்பை ஏற்றும் ஆட்டோ பொத்தான் தோற்பது இங்கேதான்.

தண்டையார்பேட்டை வாடிக்கையாளர் ஒருவர் போனிலேயே ஆட்டோ போட்டு, மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டு வந்தார். மனைவியின் முகம் பீட்ரூட் நிறம். பின்னணியில் குங்குமம் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். அங்கே சிவப்பே பதிவாகவில்லை. மென்பொருள் வெறும் இரைச்சலை, அதாவது படத்தில் கலந்த புள்ளிக் குப்பையை, பெருக்கியிருக்கிறது. படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியே இருக்கும் மூன்று நிறப் பதிவுகளில் (சேனல்களில்) பச்சையை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தேன். வேறு வழியில்லை.

கேமராவே மெருகேற்றிச் சுருக்கித் தரும் சாதாரண ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப் படிகள்தான். 12 பிட் ரா கோப்பில் 4096. 14 பிட்டில் 16,384. கடலடிப் படத்தில் சிவப்பு அடியில் ஒட்டிக்கிடக்கும் சில படிகளுக்குள் முடங்கியிருக்கும். அதை இழுத்து விரிக்கும்போது ஜேபெக் கிழிகிறது, ரா கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. ஒலிம்பஸின் தண்ணீர் புகாத சிறிய கேமராக்களில் 2015இல் வந்த டி.ஜி.4இலேயே ரா வசதி உண்டு. பலர் கேமராவில் அதை இயக்குவதே இல்லை.

லைட்ரூம் வசதியானது, ஆனால் சந்தா கட்ட வேண்டும். படத்தின் நீல, மஞ்சள் சாயலைக் கூட்டிக் குறைக்கும் அதன் வெப்பநிலைக் கோல் 50,000 கெல்வினோடு நின்றுவிடும். ஆழத்தில் எடுத்த படங்கள் அந்தச் சுவரில் முட்டும். டார்க்டேபிள் இலவசம். பச்சைச் சேனலிலிருந்து கடன் வாங்கிச் சிவப்பை நிரப்பும் கலவை வசதி அதில் உண்டு. பழக நாளாகும், எனக்கே எரிச்சல் வந்தது. ஜிம்பும் இலவசம்தான். ஆனால் தனியாக ரா கோப்பைத் திறக்காது. டார்க்டேபிளோ ராதெரபியோ துணைக்கு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாவில் மேல்மட்டத்தில் மிதந்து ஜேபெக் எடுப்பவருக்கு போனிலுள்ள ஸ்னாப்சீட் போதும் என்பேன். காசை மிச்சம் பிடியுங்கள்.

சந்தா கட்டுமுன் சோதனைப் பதிப்பில் உங்கள் மிக மோசமான படத்தைத் திறந்து பாருங்கள். விளம்பரத்தில் காட்டும் படம் எதில் திறந்தாலும் அழகாகத்தான் இருக்கும். 'இந்த இடம் சாயமில்லாதது' என்று மென்பொருளுக்குச் சுட்டிக்காட்டும் வெள்ளைச் சமன் துளிக்கருவியை மணல் மேல் வைத்தால் முகம் முகமாக வருகிறதா? பிளாஷ் பட்டுப் பனி போல மின்னும் தூசிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க முடிகிறதா? உங்கள் கணினி திணறுகிறதா?

காசுக்கு விற்கும் 'கடலடி' பிரீசெட் (முன்கூட்டியே செய்துவைத்த நிறத் திருத்த) தொகுப்புகளை நம்பி ஏமாறாதீர்கள். அந்தமானின் நீலத்துக்குச் செய்தது நம் எண்ணூர்ப் பக்கத்துக் கலங்கிய பச்சைக்குப் பொருந்தாது. பச்சைக்கு மெஜந்தா ஏற்ற வேண்டும். பென் டிரைவில் சுற்றும் திருட்டு நகல் இன்னும் மோசம். ஒருமுறை ஆசைப்பட்டு நிறுவினேன். மறுநாள் ஒரு கல்யாணத்தின் படக்கோப்புகள் முழுவதும் வைரஸால் பூட்டிக்கிடந்தன. வேறு வட்டில் நகல் இருந்ததால் பிழைத்தேன்.

அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு எடுத்துப்போகச் சொல்கிறேன். மீன் இருக்கும் தூரத்தில் அதைப் பிடித்து ஒரு படம் எடுத்தால், துளிக்கருவிக்கு நல்ல இடம் கிடைக்கும். எவர்சில்வர் தட்டு ஆகாதா என்று ஒரு அம்மா கேட்டார். ஆகாதம்மா, அது சுற்றியுள்ள நீலத்தையே திருப்பிக் காட்டும்.