தோட்டத்து மாலை வகுப்பு பட்டத்தில் சேருமா?

பேராதனையிலோ பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டு, லீவுக்கு வந்தால் கோயில் மண்டபத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் தம்பி தங்கைகள் மலையகத்தில் நிறையப் பேர். அந்த மணித்தியாலங்களுக்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கிடப்படும் அலகு, உண்டா?

அந்தச் சேவை உங்கள் பீடத்தில் ஒரு பாட அலகாக இருந்து, நீங்களும் அதற்குப் பதிந்திருந்தால் உண்டு. இல்லையென்றால் சான்றிதழ் மட்டுமே. வகுப்பை முடித்துவிட்டுத் தோட்டத்தில் கடிதம் வாங்கிப் போவதால் கிரெடிட் வராது. ஆகவே செமஸ்டர் பதிவு முடிவதற்குள் துறைத் தலைவரிடம் கேளுங்கள்.

கணக்கு இப்படி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலங்கள். தொழிற்பயிற்சிக்கும் ஆய்வுக்கும் 100. பிள்ளைகளோடு இருக்கும் நேரம் மட்டுமல்ல, பாடம் தயாரிப்பது, அறிக்கை எழுதுவது, மதிப்பீடு எல்லாமே இதற்குள் அடங்கும். தேதி போட்டு எழுதிய பதிவேடு முதல் நாளிலிருந்தே கையில் இருக்கட்டும்.

சேவைக்குப் போனோம் என்று விரிவுரையைத் தவறவிடாதீர்கள். பரீட்சை எழுத 80 வீத வரவு கேட்கும் பீடங்கள் பல.

பாடசாலைக்குள் வகுப்பு வைப்பதென்றால் அதிபரிடம் அனுமதி வேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்கும் தெரியப்படுத்துவது நல்லது. பிள்ளைக் காம்பராவோ (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) தோட்டத்து மண்டபமோ என்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தோட்ட முகாமையாளரான துரை மாறினாலும் எழுத்து நிற்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு பழகுவதால், ஒரு பிள்ளையைத் தனியே வைத்துப் படிப்பிக்காதீர்கள். பெற்றோரில் ஒருவராவது பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு உடனே அழையுங்கள்.

ஒருநாள் சிரமதானத்தைக் குறை சொல்லமாட்டேன். கழிவுநீர்க் கான் துப்புரவாகும், லயத்து வீடுகளில் இருக்கும் சனத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு ஒருநாள் போதாது. செமஸ்டர் முடிந்ததும் வகுப்பும் நின்றுபோனால், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் பிள்ளை தனித்துவிடும். இதனால்தான் தனியாகப் பதியாமல் இரண்டு மூன்று பேராகப் பதியச் சொல்கிறேன். உங்களுக்குப் பரீட்சை வரும் வாரத்தில் பல்கலைக்கழகத்தில் உங்களுக்குக் கீழ் ஆண்டில் படிக்கும் மாணவர் ஒருவர் மண்டபத்துக்குப் போகலாம். அவருடைய பெயரையும் அனுமதிக் கடிதத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.