ஸ்ட்ராங்கைல்: ஒரு குதிரைப் புழுவின் பெயர்

காதில் விழும்போது 'ஸ்ட்ராங்' என்றுதான் கேட்கிறது. ஸ்ட்ராங் காபி மாதிரி ஏதோ வலுவான புழு என்று நினைத்துக்கொள்வோம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிரேக்க மொழியில் 'ஸ்ட்ராங்கிலோஸ்' என்றால் உருண்டையானது. இத்தாலிக்குப் பக்கத்தில் ஓயாமல் பொரிந்துகொண்டிருக்கும் ஸ்ட்ராம்போலி எரிமலைத் தீவுக்கும் இதே வேர்தான். அதன் வட்ட வடிவத்தைப் பார்த்துப் பழைய கிரேக்கர் 'ஸ்ட்ராங்கிலே' என்றார்கள். 1780இல் டென்மார்க்கின் இயற்கையியலர் ஓட்டோ ஃப்ரீட்ரிக் மியூல்லர் அந்தச் சொல்லை ஒரு புழுப் பேரினத்துக்கு வைத்தார்: ஸ்ட்ராங்கைலஸ்.

குதிரையின் பெருங்குடலில் குடியிருக்கும் கூட்டம் இது. பெரியது, சிறியது என்று இரண்டு வகை. பெரியதில் பேர்போனது ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ். ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். 'வல்காரிஸ்' என்றால் லத்தீனில் 'சாதாரணமான, எங்கும் காணப்படுகிற'. 1980களில் ஐவர்மெக்டின் என்ற புழுநீக்க மருந்து வந்தபிறகு, ஒழுங்காக மருந்து கொடுக்கும் லாயங்களில் இது அரிதாகிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

லத்தியோடு முட்டை வெளியே விழும். பொரித்த இளம்புழு ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். குதிரை மேயும்போது உள்ளே போகும். போனது குடலோடு நிற்காது. தமனிச் சுவருக்குள் புகுந்து, ரத்தம் வரும் திசைக்கு எதிராக ஊர்ந்து, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியில் சில மாதம் தங்கும். அங்கே சுவர் தடிக்கும், ரத்தம் உறையும். உறைந்த கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து கீழே போய் அடைத்தால், அந்தப் பக்கத்துக் குடல் செத்துப்போகும். குதிரைக்காரர்கள் கோலிக் என்கிற வயிற்றுவலி வர இதுவும் ஒரு காரணம். நம் பழைய சொல் சூலை. அப்பரைப் படுத்திய அதே சூலைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேரைப் பிடித்து நேராகப் பெயர்த்தால் 'உருளைப்புழு'. ஆனால் அந்தப் பெயரை மனிதக் குடலில் இருக்கும் நீளமான அஸ்காரிஸ் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆங்கிலப் பேச்சுவழக்கைப் பின்பற்றி 'ரத்தப்புழு' எனலாம் என்றால், மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாகப் போடும் செம்புழு நினைவுக்கு வரும். 'வயிற்றுப் பூச்சி' பேச்சுக்கு இனிமையான சொல். பூச்சிக்கு ஆறு காலாவது வேண்டுமே என்று உயிரியல் வாத்தியார் சண்டைக்கு வருவார். அதை விட்டாலும், எந்தப் பூச்சி என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

வல்காரிஸுக்கு என் வாக்கு 'தமனிப்புழு'. அது செய்கிற காரியமே பெயராகிவிடுகிறது. சிறிய வகைக்குச் சிக்கலே இல்லை. அவற்றின் அறிவியல் பெயர் சயாத்தோஸ்டோமம். கிரேக்கத்தில் 'க்யாத்தோஸ்' கிண்ணம், 'ஸ்டோமா' வாய். 'கிண்ணவாய்ப்புழு' என்று அப்படியே சொல்லிவிடலாம். பெரியதிலேயே எடென்டேட்டஸ் என்று இன்னொன்று உண்டு, 'பல்லில்லாதது' என்று பொருள். அதைப் பொக்கைவாய்ப்புழு என்று கூப்பிட ஆசைதான். பாடப்புத்தகம் ஒப்புக்கொள்ளாது.

மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு பொதுப்பெயர் வேண்டியிருப்பது லத்திப் பரிசோதனையில். லத்தியைக் கரைத்து அடர்ந்த உப்புக் கரைசலில் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி செல்கள். பெரியதின் முட்டையும் சிறியதின் முட்டையும் ஒரே அச்சு. பிரித்தறிய இளம்புழுவாக வளர்த்து அதன் குடல் செல்களை எண்ணவேண்டும்: சிறியவற்றில் பெரும்பாலும் 8, வல்காரிஸில் 32 வரை. அந்தப் பொறுமை எல்லா ஆய்வகத்துக்கும் இருப்பதில்லை. ஆகவே சீட்டில் 'ஸ்ட்ராங்கைல் முட்டை' என்றுதான் எழுதித் தருவார்கள். அந்த இடத்தில் சொல்லை மாற்றாமல் தமிழ் எழுத்திலேயே விட்டுவிடுவேன்.