பூட்டு உடையாமலே போகும் வெடிமருந்து

"அரசு ஆய்வு நிறுவனத்தின் கிடங்கு சார், அங்கெல்லாம் கணக்கு பக்காவாக இருக்கும்." வெடிமருந்துக் கணக்கு பார்க்கப் போகிற எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. இதைச் சொல்பவர்களுக்காகவே ஒரு வழக்கை எடுத்து வைக்கிறேன்.

செக் குடியரசின் கிழக்கே ஸ்லின் வட்டாரத்தில் விர்பெட்டிட்சே என்ற சிற்றூர். அங்கிருந்த வெடிபொருள் கிடங்கு வளாகம் அரசின் ராணுவத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. உள்ளே இருந்த சரக்கோ, கட்டடங்களை வாடகைக்கு எடுத்த தனியார் ஆயுத வியாபாரிகளுடையது. 2014 அக்டோபர் 16 அன்று 16ஆம் எண் கிடங்கு வெடித்தது. சுமார் 50 டன் சரக்கு. வாடகைதாரரின் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். டிசம்பர் 3 அன்று 12ஆம் எண் கிடங்கும் வெடித்தது. சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி முடிக்க 2020 ஆகிவிட்டது.

ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் வேலை இது என்று 2021 ஏப்ரலில் செக் அரசு அறிவித்தது. கிடங்கைப் பார்வையிட அனுமதி கேட்டு வந்தது என்ன தெரியுமா? தஜிகிஸ்தான் தேசியக் காவல்படையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், கூடவே இரண்டு பாஸ்போர்ட் நகல்கள். அவ்வளவுதான்.

அது நாசவேலை, கள்ள வியாபாரம் இல்லையே என்பீர்கள். சரி. ஆனால் இரண்டும் நுழைகிற ஓட்டை ஒன்றுதான். சரக்கு ஒருவருடையது, சாவி இன்னொருவரிடம், எண்ணிப் பார்க்க வேண்டியவர் யார் என்று கேட்டால் மூன்றாவது ஆளைக் கை காட்டுவார்கள். வாசலில் மாட்டியிருக்கும் அரசுப் பலகை ஒரு பெட்டியையும் எண்ணாது. சொல்லப்போனால் ஆய்வு நிறுவனத்தில் ஆபத்து ஒருபடி கூடுதல். குவாரியில் மருந்து செலவானால் உடைந்த கல்லாவது சாட்சி சொல்லும். ஆய்வுக்கூடத்தில் "சோதனையில் வெடித்தது", "காலாவதியானது அழிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டால், சரிபார்க்க மிச்சம் என்று எதுவும் இருக்காது. அதனால்தான் சோதனைக்கும் அழிப்புக்கும் வெளி ஆள் ஒருவர் நேரில் நின்று, தொகுதி எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் மேசைக்கு வரும் கோப்பில் போடுகிற கையெழுத்து எதற்கும் உதவாது.

நம் நாட்டிலும் பூட்டு உடையவில்லை. 2010இல் ராஜஸ்தானின் தோல்பூரிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சாகருக்குக் கிளம்பிய 61 லாரி சரக்கு, சுமார் 300 டன், போய்ச் சேரவில்லை. வாங்குவதாக இருந்தவரின் உரிமம் அதற்கு முன்பே காலாவதி. தேதியை ஒருவர் பார்த்திருந்தால் முதல் லாரியே கிளம்பியிருக்காது.

கிடங்குப் பொறுப்பில் இருப்பவர்களே, தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். சரக்கு கேட்டு வரும் ஒவ்வொரு இண்டெண்டுக்கும் (கோரிக்கைப் படிவத்துக்கும்) வாங்குபவரின் உரிமத்தின் செல்லுபடித் தேதியைப் புதிதாகப் பாருங்கள். "போன மாசம்தானே பார்த்தோம்" என்ற பேச்சே வேண்டாம். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் அடித்து உறுதி கேட்காதீர்கள், போலிக் கடிதம் என்றால் அந்த எண்ணும் போலிதான். உரிமம் கொடுத்த அலுவலகத்தைக் கேளுங்கள். சரக்கு சேர்ந்ததற்கான ஒப்புகை வராமல் அடுத்த வண்டியை அனுப்பாதீர்கள்.

இருப்பு எண்ணும்போது பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். 25 கிலோ பெட்டியில் 125 கிராம் வெடிமருந்துக் குச்சி என்றால் 200 இருக்க வேண்டும், 2.78 கிலோ பெரிய வெடிமருந்து உருளை என்றால் 9. அடுக்கின் முன்வரிசையை மட்டும் எண்ணிவிட்டுப் பெருக்குவது தணிக்கையே இல்லை. பார்கோடு பெட்டிக்கு மட்டும் என்றால், பெட்டியிலிருந்து உதிரியாகக் கிளம்பிய குச்சியைப் பின்னால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. உடைத்த பெட்டிக்குத் தனிப் பக்கம் போட்டு, எத்தனை குச்சி, யார் கையில், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

மருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டருக்கு எடைக் கணக்கு கூடாது, எண்ணிக்கைதான். பாறையில் துளைத்த குழிக்கு ஒன்று என்று வைக்கிற இடத்தில் 40 குழிக்கு 60 செலவு எழுதியிருந்தால் அந்த 20 எங்கே என்று அன்று மாலையே கேளுங்கள். வெடிக்காமல் போனது என்று பதில் வந்தால், எந்தக் குழி, எப்படி அழித்தீர்கள், அந்தப் பதிவு எங்கே? மிச்சம் இரவுக்குள் கிடங்குக்குத் திரும்பியாக வேண்டும். வெடி வைப்பவரின் வீட்டுப் பரணோ, கம்ப்ரசர் வண்டியின் டூல் பெட்டியோ கிடங்கு ஆகாது.

குறைவு தெரிந்தால் அப்போதே காவல் நிலையத்துக்கும் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். "இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துட்டு சொல்லலாம்" என்று இரண்டு நாள் ஆற வைக்கிறீர்கள் பாருங்கள், அதற்குள் சரக்கு மாநில எல்லையைத் தாண்டிவிடும். முதலில் சொல்லுங்கள், மறுபடி எண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு.