கறிவேப்பிலைத் தொட்டிக்கு எந்தக் கேமரா?

பெங்களூரு அல்சூரில் வாடகை வீடு. மொட்டை மாடியில் பதினைந்து தொட்டி வைத்திருக்கிறோம். மழைக்காலம் தொடங்கினால் கறிவேப்பிலைச் செடியில் மட்டும் இலை குறைந்துகொண்டே வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் இலைமேல் காக்காய் எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் எச்சம் நகரும். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்னதாக இருக்கும்வரை பறவை எச்சம் மாதிரி வேஷம், கடைசியாக ஒருமுறை தோல் உரித்ததும் இலைப் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு ஆரஞ்சுக் கொம்பை வெளியே தள்ளி நாற்றமடிக்கும்.

அந்தக் கொம்பைப் படம் பிடிக்கத்தான் என் முதல் கேமராவை வாங்கினேன். கடைக்காரர் ஒரு 70–300 மி.மீ. ஜூம் லென்ஸைப் போட்டுக் கொடுத்து, "சார், இதுல நிலாவே தெரியும்" என்றார். நிலா நன்றாகவே தெரிந்தது. புழுதான் தெரியவில்லை. ஒன்றரை மீட்டருக்குள் எது வந்தாலும் அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. பின்னால் நகர்ந்து நகர்ந்து, தண்ணீர்த் தொட்டியில் முதுகு இடித்து நின்ற பிறகு ஒருவழியாக ஃபோகஸ் ஆனது. படத்தில் பார்த்தால் ஒரே இலைக் கூட்டம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

போன மாதம் கீழ் வீட்டு அக்கா மாடிக்கு வந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை மெகாபிக்சல் பார்க்கணும்?" என்று கேட்டார்.

"அதைக் கடைசியா பார்க்கலாம்க்கா" என்றேன்.

தோட்டத்து உயிரிகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது உருப்பெருக்கம். பொருளின் உண்மையான அளவு, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் எவ்வளவாக விழுகிறது என்பதுதான் அது. என் ஜூம் லென்ஸின் உச்ச உருப்பெருக்கம் கால் மடங்கு. 10 மி.மீ. நீளப் புழு சென்சாரில் 2.5 மி.மீ. நீளத்துக்குத்தான் விழும். நடுத்தர அளவான ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. என்பதால், படத்தின் குறுக்களவில் புழுவுக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. மிகக் கிட்டப் போய் எடுப்பதற்கென்றே செய்த உண்மையான மேக்ரோ லென்ஸ் என்றால் ஒன்றுக்கு ஒன்று. அதே புழு 10 மி.மீ. ஆகவே விழும், கிட்டத்தட்ட பாதிப் படம். சில ஜூம் லென்ஸ்களின் மேலேயே 'மேக்ரோ' என்று அச்சடித்திருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். பெட்டியில் உருப்பெருக்கம் 0.25 என்று போட்டிருக்கிறதா, 1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஜூமைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். அலகு முதல் வால் வரை 10 செ.மீ. இருக்கும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து 300 மி.மீ.யில் எடுத்தால் அது சென்சாரில் 8 மி.மீ., படத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் கிட்டப் போனால் பறந்துவிடும். ஆக, ஒரே மாடியில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. கடையில் யாரும் எந்த வேலைக்கு என்று கேட்பதில்லை.

அடுத்தது தெளிவின் ஆழம். நான் அதிகம் தடுமாறியது இதில்தான். ஃபோகஸ் செய்த தளத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கூர்மையாக விழும் என்பதே ஆழம். தெருவைப் படமெடுக்கும்போது இது பல மீட்டர் இருக்கும். பூச்சிக்குக் கிட்டப் போகப் போக ஒரேயடியாகச் சுருங்கிவிடும். 36 × 24 மி.மீ. ஃபுல்ஃபிரேம் சென்சாரில் ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் லென்ஸின் துளையை எஃப் 8 (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால் கிடைக்கும் ஆழம் சுமார் 1 மி.மீ. தாவும் சிலந்தியின் முன்கண்கள் கூர்மையாக விழுந்தால் பின்னங்கால்கள் பஞ்சாகிவிடும்.

சரி, சின்ன சென்சார்? மழையில் நனைந்தாலும் தாங்கும் சட்டைப்பை கேமராக்களில் இருப்பது 6.2 × 4.6 மி.மீ. அளவுச் சென்சார். அதே 36 மி.மீ. அகலக் காட்சியை அதில் அடக்க உருப்பெருக்கம் ஆறில் ஒரு பங்கு போதும். அதனால் எஃப் 4 வைத்தாலே ஒன்றரை மி.மீ. ஆழம் கிடைக்கிறது. ஃபுல்ஃபிரேமில் இதே ஆழம் வேண்டுமென்றால் எஃப் 13 வரை துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம், சின்ன சென்சாரில் விழுவதில் சுமார் முப்பதில் ஒரு பங்காகிவிடும். பெரிய சென்சாரின் பரப்பு எத்தனை மடங்கு பெரிது தெரியுமா? அதுவும் சுமார் முப்பதுதான். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்த மாதிரி. பெரிய சென்சாருக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தின் பலன், அதாவது அதிக வெளிச்சமும், படத்தில் மணல் தூவிய மாதிரி வரும் புள்ளியிரைச்சல் குறைவதும், பூச்சிக்கு ஆழம் தேடும் இடத்தில் கரைந்துபோகிறது. மாலை மங்கலில் தேன்சிட்டுக்கு ஆழம் தேவையில்லை, துளையை முழுக்கத் திறக்கலாம். அங்கே பெரிய சென்சார் தன் காசைத் திருப்பிக் கொடுக்கும்.

இனி மெகாபிக்சல். ஆழம் போதவில்லையென்று துளையைச் சுருக்கிக்கொண்டே போனால், ஒளியின் அலை குணத்தால் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பரவும். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் எஃப் 16 என்பது நடைமுறையில் எஃப் 32 ஆகிவிடுகிறது. அப்போது பச்சை ஒளி பரவும் வட்டத்தின் விட்டம் சுமார் 43 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். ஒரு புள்ளி ஏழு பிக்சல் அகலத்துக்குப் படர்ந்து கிடக்கும்போது, அதை 60 மெகாபிக்சலில் எடுத்து என்ன செய்வது? இதைச் சொன்னதும் அக்கா, "அப்ப என் போனே போதுமே" என்றார். ஓணானுக்குப் போதும். புழுவுக்குப் போனைப் பூச்சியின் முகத்தில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த நிழல் விழுந்ததுமே பாதி உயிரிகள் கிளம்பிவிடும்.

பெங்களூரு வானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் பிறந்துவிட்டால் பாதி நாள் மூடாக்குதான். மேகம் மூடிய பகலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 5.6 வைத்தால் ஷட்டர் வேகம் சுமார் 125இல் ஒரு நொடி வரும். ஆழத்துக்காக எஃப் 16க்குப் போனால் 15இல் ஒரு நொடி. ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம் வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தின்றுவிடும் என்பதால் கடைசியில் கால் நொடி. மாடிக் காற்றில் கால் நொடி அசையாமல் நிற்கும் கறிவேப்பிலையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதனால்தான் பூச்சிப் படம் எடுப்பவர்கள் பட்டப்பகலிலும் ஃபிளாஷ் போடுகிறார்கள். குறைந்த சக்தியில் வைத்தால் ஃபிளாஷ் மின்னும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவு. தேனீ நொடிக்கு 200 முறைக்கு மேல் சிறகடிக்கிறது. சிறகின் நுனி நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் போகும். ஷட்டரை 2000இல் ஒரு நொடி வைத்தாலும் நுனி அதற்குள் இரண்டரை மி.மீ. நகர்ந்துவிடும். ஃபிளாஷ் மின்னும் நேரத்தில் நகர்வது அரை மி.மீ.க்குள்தான்.

ஆனால் வெறும் ஃபிளாஷ் எறும்பின் முதுகில் ஆணி அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கும். ஒளி மென்மையா கடுமையா என்பது, பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சாம்பார் பார்சல் வரும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி, உள்ளே டிஷ்யூ பேப்பர் ஒட்டி, ஃபிளாஷுக்கு முன்னால் ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறேன். பூச்சிக்குப் பத்து செ.மீ. மேலே அந்தப் பத்து செ.மீ. டப்பா நின்றால் அதற்கு அது மூடாக்கு வானம் மாதிரிதான். எங்கள் வீட்டில் இதைப் பார்த்து இன்னும் சிரிக்கிறார்கள். ஆகவே கேமரா வாங்கும்போது தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சிலவற்றில் இருக்காது.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. அப்படிப் படித்து முடிக்க 25 மில்லிநொடி ஆகும் என்றால், தேனீ அதற்குள் ஐந்து முறை சிறகடித்துவிடும். சிறகு ரப்பர் போல வளைந்து விழும். மொத்தச் சென்சாரையும் ஒரே கணத்தில் படிக்கும் ஃபுல்ஃபிரேம் கேமராவை 2023இல் சோனி அறிவித்தது. விலையைப் பார்த்துவிட்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மெக்கானிக்கல் ஷட்டர் போதும்.

அக்காவுக்கு நான் சொன்னது, பழைய ஏபிஎஸ்-சி கேமரா உடல் ஒன்று, அதோடு சாதாரண 70–300, அதன் முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ் ஒன்று. அக்காவின் படிக்கிற கண்ணாடி பவர் பிளஸ் 2. ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோஸ்-அப் லென்ஸ் பிளஸ் 8, அதாவது அதன் குவியத் தூரம் 125 மி.மீ. முடிவிலியில், அதாவது மிகத் தொலைவில், ஃபோகஸ் வைத்த 300 மி.மீ. லென்ஸின் முன்னால் அதை மாட்டினால் உருப்பெருக்கம் 300 வகுத்தல் 125, அதாவது 2.4 மடங்கு. நிலாவை மட்டும் காட்டிய என் ஜூம் மேக்ரோ லென்ஸையே தாண்டிவிடுகிறது. பூச்சியிலிருந்து சுமார் 12 செ.மீ. தள்ளி நின்றாக வேண்டும், அதைவிட்டு விலகினால் எல்லாம் மங்கல். தேன்சிட்டு வந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு கழற்றலில் இரண்டு வேலையும் முடிகிறது.

பழையது வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஈரத்தில் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரியும். அப்புறம் பாக்கெட்டில் ஒரு பொன்னி அரிசி கொண்டுபோகச் சொன்னேன். 5, 6 மி.மீ. நீளம். மேசைமேல் வைத்து, கேமராவை எவ்வளவு கிட்டக் கொண்டுபோக முடிகிறது, அரிசி திரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தால் பெட்டியில் அச்சடித்த எதையும் படிக்க வேண்டியதில்லை.

அக்கா அப்படியே செய்தார். குளோஸ்-அப் லென்ஸ் மாட்டியதும் அரிசி திரையில் பாதிக்கு மேல் நிறைந்ததாம். "சார், அது என்ன ஸ்டைல்?" என்று கடைக்காரப் பையன் பக்கத்தில் நின்றவரைக் கேட்டானாம். வீட்டுக்கு வந்து நேராக மாடியேறினார். பச்சைப் புழு இரண்டு நாளுக்கு முன்பே கூடு கட்டத் தண்டுக்குப் போய்விட்டிருந்தது. நூல் இடுப்பில் சுற்றிச் சாய்ந்து தொங்கிய கூட்டுப்புழுதான் கிடைத்தது. கொம்பு இல்லை, அசையவும் இல்லை. கை பழகட்டும் என்று அதையே ஃபோகஸை ஒவ்வொரு மயிரிழையாக நகர்த்தி முப்பது படம் எடுத்தார்.